மூக்கிலிருந்து எடுத்த கை

நேசம் சந்தையிலிருந்து வந்து குசினி வாசலில் பையை வைத்தாள். உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பாள். காய்ந்த கூனி இறால் ஒரு வளவுக்குள் வந்தால் நாய்க்கும் தெரியும், பூனைக்கும் தெரியும், மதிலுக்கு அங்கால இருக்கிறவர்களுக்கும் தெரியும்.

எனக்குத்தான் தெரியவில்லை. எனக்கு வந்தது டயர் எரிகிற நாற்றம். அந்த நாட்களில் எனக்குத் தேத்தண்ணியும் டயர்தான், வெங்காயமும் டயர்தான், சவர்க்காரமும் டயர்தான். பையை விரித்துப் பார்த்த பிறகுதான் கூனி என்று விளங்கியது.

"இது என்னத்துக்கு?" என்றேன்.

"என்னத்துக்கெண்டா? நாளைக்கு அக்காட அமுது. கூனி இல்லாம அக்காட இலையா?"

நேசம் என் மனைவி யோகத்தின் தங்கை. பக்கத்து வீடுதான், ஒரே வளவை மதில் வைத்துப் பிரித்தது. மறுநாள், யோகம் போய் வருஷம் திரும்புகிற நாள். அன்றைக்குச் செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் ஆக்கி இலையில் படைப்பதை எங்கள் பக்கத்தில் அமுது கொடுக்கிறது என்போம். ஐயர் காலையில் வந்து தன் வேலையை முடித்துக்கொண்டு போனபிறகு, யோகத்தின் குடும்பத்தில் மீன், நண்டு எல்லாம் வைத்துப் படைப்பார்கள்.

"கூனி வேணாம், நேசம்."

"என்ன மச்சான் சொல்றீங்க?"

"வேணாமெண்டா வேணாம். நண்டு வை, மீன் வை. கூனி மட்டும் வேணாம்."

அவள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"உங்கட மூக்குக்கு ஒத்து வரல்ல எண்டு அக்காட இலையில குறைக்கிறதா? செத்தது நீங்களா, அக்காவா?"

நேசத்துக்கு வாய் அப்படித்தான். மற்ற நாளென்றால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்றைக்கு முடியவில்லை. ஏன் வேண்டாம் என்று சொல்வதானால், ஒரு வருஷமாக ஒருவருக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். முற்றத்துக்கு இறங்கிவிட்டேன்.

பஸ்ஸில் கண்டக்டராக ஓடிய நாட்களைப் பற்றி நான் எழுதுகிற இந்தத் தொடருக்கு வாசகர் ஒருவர் போன மாதம் எழுதியிருந்தார். "உங்கள் தொடரில் ரோட்டு இருக்கிறது, வெள்ளம் இருக்கிறது, பஸ்ஸுக்குள் சண்டை இருக்கிறது, சாப்பாடு மட்டும் ஏன் இல்லை?" என்று. நியாயமான கேள்வி. சாப்பாட்டில் கைவைத்தால் இந்த இடத்தில் வந்து நிற்க வேண்டிவரும் என்று தெரிந்துதான் இவ்வளவு நாளும் சுற்றிச் சுற்றிப் போனேன். இனிச் சுற்றவும் அலுப்பாக இருக்கிறது.

கட்டிலுக்குக் கீழே எலி

நான் கரடியனாற்றுப் பக்கத்தவன். எங்கள் ஆட்களுக்கு வயல் வட்டையும் நெல்லும்தான் உலகம். மீன் என்றால் குளத்து மீன். வாவிக் கரை எப்படி மணக்கும் என்று தெரியாமலே வளர்ந்தேன். கலியாணம் முடித்து, எங்கள் வழக்கப்படி பெண் வீட்டுக்குக் குடிவந்தேன். தன்னாமுனைக்குக் கிட்ட, வாவியோரம்.

வந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, காலையில் ஒரு நாற்றம். சேறு வெளியே தெரிகிற காலத்தில் வாவிக் கரையில் நின்றால் அடிக்குமே, அதைத் தாச்சியில் போட்டு வறுத்த மாதிரி. அறைக்குள் எலி செத்துக் கிடக்கிறது என்று முடிவுகட்டிவிட்டேன். புது மாப்பிள்ளை, இடுப்பில் வெள்ளைச் சாரம், கட்டிலுக்குக் கீழே தலையை விட்டுத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

"என்ன தேடுறீங்க?" என்று யோகம் கேட்டாள். கையில் சாப்பாட்டுக் கோப்பை.

"எலி."

அவள் சிரித்த சிரிப்பில் கோப்பையைக் கட்டிலில் வைத்துவிட்டுத் தானும் உட்கார வேண்டியதாயிற்று. கோப்பையில் சோற்றோடு கூனிச் சுண்டல். நகம் அளவுகூட இல்லாத பொடி இறால். வாவியில் அள்ளி, கரையில் காயவைத்து, வெறும் தாச்சியில் வறுத்து, சுளகில் புடைத்து, பிறகு சின்ன வெங்காயமும் செத்தல் மிளகாயும் தேங்காய்ப் பூவும் போட்டுக் கிளறி, தேசிக்காய் பிழிந்தது.

"எனக்கு வேணாம், புள்ள. மணமே சரியில்ல."

"மணத்தையா திங்கப் போறீங்க? இஞ்ச பாருங்க. மூக்கப் பொத்துங்க. வாயைத் திறங்க."

பொத்தினேன், திறந்தேன். நாக்கில் முதலில் வந்தது இனிப்பு. சீனி இனிப்பில்லை, புதுத் தேங்காயில் இருக்குமே, அப்படி ஒன்று. பிறகு உப்பு, பிறகு புளி. நான் மென்றுகொண்டிருக்கும்போதே அவள் சொன்னாள்.

"இப்ப கைய எடுங்க."

எடுத்தேன். வேடிக்கை என்னவென்றால், அதே மணம் இப்போது வாய்க்குள்ளிருந்து ஏறி வந்தபோது நாற்றமாக இல்லை. கோப்பையை வழித்துத் துடைத்துவிட்டு இன்னும் கேட்டேன். அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல், எங்கள் வீட்டில் கூனி வறுபடும்போதெல்லாம் யோகம் குசினியிலிருந்து கத்துவாள்: "எலி செத்துட்டுது, வாங்க!"

கண்டக்டர் மூக்கு

பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவனுக்கு மூக்குதான் பாதி உத்தியோகம். மூடிக் கட்டிய சாக்கில் கருவாடா, பலாப்பழமா, உயிர்க்கோழியா என்று ஏறும்போதே சொல்லிவிடுவேன். மணத்தை நம்பி ருசியை முடிவுகட்டக் கூடாது என்பதையும் பஸ்தான் சொல்லித் தந்தது.

என்னோடு நெடுநாள் ஓடிய டிரைவர் காத்தான்குடிக்காரர், மன்சூர் நானா. கொழும்பிலிருந்து திரும்பும் வழியில், ரோட்டோரத்தில் டுரியன் கண்டால் அவருக்குக் கால் தானாக பிரேக்கில் போய்விடும். ஒருமுறை ஒரு பழத்தை வாங்கி என்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். சூட்டில் அது மணக்கத் தொடங்கியது. பின் சீட்டில் ஒரு மனிதர் கழிவறைக் குழி ஏதோ உடைந்துவிட்டது என்று ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்க்கிறார். ஒரு அம்மா வாந்தி எடுக்கிற மாதிரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைத் திட்டுகிறா. பழத்தை வெளியே போடு என்று பஸ் முழுக்க ஒரே சத்தம்.

தேத்தண்ணிக்கு நிறுத்திய இடத்தில் நானா அதைப் பிளந்தார்.

"நாத்தத்த விடுங்க, கண்டக்டர். திண்டு பாருங்க."

மூக்கைப் பொத்திக்கொண்டு தின்றேன். முட்டை போட்டு அவிக்கிற அவர் ஊர் வட்டிலப்பத்தை நெய்யில் குழைத்த மாதிரி இருந்தது. திட்டிய அம்மாவுக்கும் ஒரு சுளை கொடுத்தேன். அவ இரண்டு சுளை தின்றுவிட்டு, மீதி ரோட்டு முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை.

கோப்பி இதற்கு நேர்மாறு. மணத்தில் ஆசை காட்டிவிட்டு வாயில் கசக்கும். கேக்குக்கு விடுகிற வெனிலா எசன்ஸ் அதைவிடப் பெரிய கள்ளன். சின்ன வயதில் போத்தலின் மூடியை நக்கிவிட்டு அரை நாள் துப்பிக்கொண்டு திரிந்தேன். பெருங்காயத்தைக் கட்டியாக மோந்தால் யாராவது கறியில் போடத் துணிவார்களா? போடாவிட்டால் ரசம் ரசமாக இருக்குமா? இதையெல்லாம் நான் பஸ்ஸில் பெரிய விஷயகாரன் மாதிரி விளாசிக்கொண்டிருந்தவன். மூக்கு ஒன்று சொல்லும், நாக்கு இன்னொன்று சொல்லும், அவசரப்படாதீர்கள் என்று.

சொந்த வீட்டில் தேவைப்பட்ட அன்றைக்கு அந்தப் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை.

பனிச்சங்கேணிக்குப் போன காலை

யோகத்துக்குப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றத் தொடங்கிய பிறகு குசினி என் கைக்கு வந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் கட்டிலில் இருந்தபடி சொல்லச் சொல்ல நான் ஆக்குவேன். முதலில் சோறு குழைந்தது, கறி கருகியது. பிறகு ஓரளவு கைவந்தது. கைவந்த நேரத்தில் அவள் சாப்பிடுவதை விட்டுவிட்டாள்.

"ஒரு மாதிரி மணக்குது" என்பாள். நேற்று ஆக்கிய பருப்பு மணக்குது, இப்போது வடித்த சோறு மணக்குது, பக்கத்து வீட்டில் தாளித்தால் ஜன்னலைச் சாத்தச் சொல்லுவாள். எருமைத் தயிரில் குளிர்ந்த சோற்றைப் பிசைந்து கொடுத்தால் இரண்டு வாய் இறங்கும். அவ்வளவுதான். மருந்தால் மணம் மாறித் தெரியும் என்று நர்ஸ் பிள்ளை எனக்குச் சொல்லித்தான் விட்டது. நான் தலையை ஆட்டினேன். காதில் ஏற்றவில்லை.

மூன்று மாதம் சரியான நித்திரை இல்லை. அதைக் காரணமாகச் சொல்லவில்லை, அப்படி இருந்தேன் என்று சொல்கிறேன். அவளுக்குப் பிடித்ததை ஆக்கிக் கொடுத்தால் சாப்பிடுவாள் என்று என் மண்டைக்குள் ஒன்று ஏறிவிட்டது. விடியக் காலை பஸ் ஏறிப் பனிச்சங்கேணிக்குப் போனேன். அங்கே கிடைக்கும் கூனி நல்லதென்று அவளே சொல்லுவாள். வெயில் ஏறமுன் திரும்பி வந்து, வறுத்து, புடைத்து, அவள் சொல்லித் தந்தபடியே ஒவ்வொன்றாகச் செய்து, கோப்பையில் போட்டுக்கொண்டு போனேன்.

"எலி செத்துட்டுது, புள்ள!" என்றேன்.

அவள் இடது கையை உயர்த்தி மூக்கைப் பொத்தினாள்.

பழைய விளையாட்டு என்று நினைத்து நான் சிரித்தேன். பிறகுதான் கண்ணைப் பார்த்தேன். அதில் விளையாட்டு இல்லை.

"வேணாம். மண்ணெண்ணை மணக்குது. அங்கால கொண்டு போங்க."

எனக்குள் என்ன வெடித்ததோ, கத்திவிட்டேன்.

"நான் ஆக்கினது நாறுதா உனக்கு? விடிய எழும்பிப் பனிச்சங்கேணிக்குப் போய் வந்திரிக்கன். நடிக்காத. கைய எடு!"

யோகம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மூக்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள். நான் ஊட்டினேன். நாலு வாய் தின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. மிளகாய் கூடிவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

"எப்பிடி இரிக்கி?" என்றேன்.

"நல்லா இரிக்கி" என்றாள்.

எனக்குச் சந்தோஷம். எழுதவே கை கூசுகிறது, எனக்கு அன்றைக்கு உண்மையாகவே சந்தோஷம். இன்னும் ஒரு வாய் கூடக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவள் என் முன்னால் ஒருநாளும் மூக்கைப் பொத்தவில்லை. இரண்டு கிழமையில் போய்விட்டாள்.

தேத்தண்ணியில் டயர்

அவள் போய்ச் சில மாதங்களில் ஊரெல்லாம் சுற்றிய ஒரு காய்ச்சல் எனக்கும் வந்தது. காய்ச்சல் விட்டபோது மணமும் விட்டுப் போயிருந்தது. நாற்பது நாளோ என்னவோ ஒன்றுமே தெரியாது. பிறகு ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்குகிறேன், டயர். கொட்டிவிட்டு வேறு ஊற்றினேன், அதுவும் டயர். சோற்றுப் பானையைத் திறந்தால் டயர். நாக்குக்கு ஒரு குறையும் இல்லை, உப்பு உப்பாகவும் புளி புளியாகவும்தான் இருந்தது. ஆனால் கை வாய்க்குக் கிட்ட வரும்போதே சோற்றைத் திரும்பக் கோப்பையில் போட்டுவிடுவேன்.

பசி தாங்கமுடியாமல் ஒரு மத்தியானம் மூக்கைப் பொத்திக்கொண்டு சோற்றை அள்ளினேன். இடது கையால்தான் பொத்தியிருந்தேன். எதிரே அலுமாரிக் கண்ணாடி. அதில் என்னைக் கண்டேன்.

கோப்பையைத் தள்ளிவிட்டு ஓவென்று அழுதேன். அவளிடம் போய், எனக்கு இப்ப விளங்குது, புள்ள, நீ நடிக்கல்ல என்று சொல்ல வேண்டும். எங்கே போய்ச் சொல்வது?

மதிலுக்கு அங்கால

இதைத்தான் அமுதுக்கு முதல்நாள் முற்றத்தில் நின்றுகொண்டு மென்று விழுங்கினேன். அந்தக் கூனியை அவளுடைய இலையில் மறுபடி நான் எப்படி வைக்கிறது? உயிரோடு இருந்தவளின் வாயில் திணித்தது போதாதென்று செத்த பிறகுமா?

குசினிக்குத் திரும்பிப் போனேன். நேசம் நிலத்தில் உட்கார்ந்து கூனியைச் சுளகில் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் வாசற்படியில் குந்தி, பனிச்சங்கேணி பஸ்ஸிலிருந்து தொடங்கி, "நல்லா இரிக்கி" வரைக்கும் சொல்லி முடித்தேன். சுளகு நின்றுவிட்டது.

"எனக்குத் தெரியும், மச்சான்."

"என்ன தெரியும்?"

"உடுப்புக் காயப்போட்டுட்டு நிண்டன், மதிலுக்கு அங்கால. நீங்க ஏசினது எல்லாம் கேட்டிச்சி." அவள் கூனியையே பார்த்துக்கொண்டு பேசினாள். "அக்கா எனக்கிட்டச் சொன்னவ, எதைத் திண்டாலும் மண்ணெண்ணை மணக்குது, உங்களுக்கிட்டச் சொல்லப் பயமா இரிக்கி எண்டு. நான் வந்து ஒரு வார்த்தை சொல்லியிரிக்கலாம். புருசன் பொஞ்சாதி கதைக்குள்ள நான் என்னத்துக்கு எண்டு அங்கேயே நிண்டுட்டன்."

கோபம் வந்தது. அவள் அன்றைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்! ஆனால் கோபப்படவும் உடம்பில் பலம் வேண்டுமே. மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு பாவி, அந்தப் பக்கம் ஒரு பாவி.

"அப்ப கூனி வேணாம்தானே?" என்றேன்.

"வைக்கத்தான் வேணும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். "நோய் வருத்தமெல்லாம் உடம்போட போயிரிக்கும். அங்க அக்காட மூக்குச் சுகமாத்தான் இரிக்கும். ஒரு வருசமாக் கூனி திங்காம இரிக்கா, பாவம்."

"சுகமாகாம இருந்தா?"

நேசம் சுளகை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே ஆக்குங்க, மச்சான். கடைசியா உங்கட கையாலதான் திண்டா. இதையும் நீங்களே ஆக்குங்க" என்றாள்.

உப்புப் பார்க்காத கறி

படைக்கிற சாப்பாட்டில் உப்புப் பார்க்கக் கூடாது. யாருக்குப் படைக்கிறோமோ அவருடைய வாய்க்கு முன் இன்னொருவர் வாய் படக்கூடாது. அதனால் எங்கள் பெண்கள் ஆவியை மோந்தே உப்பைச் சொல்லிவிடுவார்கள். உப்புக் குறைந்தால் பச்சை மணம் நிற்கும், சரியானால் அது அடங்கிவிடும் என்பார்கள். யோகம் அதில் கெட்டிக்காரி. நானோ மோந்தால் டயர், ருசித்தால் குற்றம்.

மறுநாள் காலை தாச்சியில் கூனி சூடேறியதும் நாற்றம் முகத்தில் அறைந்தது. நேசம் ஒரு துண்டை நீட்டினாள்.

"மூக்கக் கட்டிட்டு நிண்டு கிளறுங்க, மச்சான்."

"வேணாம். அவள் கைய எடுத்திட்டுத்தானே திண்டாள்."

இரண்டு தரம் ஓங்காளித்தேன். கொல்லைப்பக்கம் ஓடிப்போய் வந்து மறுபடி கிளறினேன். தேங்காய்ப் பூவைப் போட்டபிறகு நேசத்தைக் கூப்பிட்டேன்.

"மோந்து பார். உப்பு எப்பிடி?"

அவள் கண்ணை மூடி ஆவியில் முகத்தைப் பிடித்தாள்.

"காணாது. ஒரு சிட்டிகை."

போட்டேன்.

"இன்னும் கொஞ்சம்... காணும், காணும். இறக்குங்க."

ஐயர் போனபின் உள்ளறையில் தலைவாழை இலை விரித்தோம். சோறு, நண்டுக் கறி, மீன் பொரியல், அவளுக்குப் பிடித்த கத்தரிக்காய். கூனியை இலையின் நடுவில் வைத்தேன். ஓரத்தில், ஒருவருக்கும் சொல்லாமல், ஒரு சின்னக் கோப்பையில் குளிர்ந்த சோறும் எருமைத் தயிரும். ஒன்று இறங்காவிட்டால் மற்றதாவது இறங்கட்டும். சாம்பிராணித் தட்டைக் கொண்டுவந்த நேசத்தை வாசலிலேயே மறித்தேன். கடைசி நாட்களில் யோகத்துக்கு அந்தப் புகையும் ஆகாது. நேசம் அதை முற்றத்துக்குக் கொண்டுபோய் வைத்தாள்.

படைத்துவிட்டுக் கதவைச் சாத்தி வெளியே நிற்க வேண்டும். செத்தவர் வந்து சாப்பிட்டுப் போகிற நேரம் அது. அந்த நேரத்தில் யாரும் கதைக்கக் கூடாது. உறவுக்காரர்கள் விறாந்தையில் அசையாமல் நின்றார்கள். கதவின் சாவித் துவாரம் வழியாகக் கூனி மணம் வந்திருக்க வேண்டும், சிலர் மூக்கைச் சுருக்கினார்கள். எனக்கு டயர்தான்.

எல்லோரும் பார்க்க நான் கதவில் வாயை வைத்தேன்.

"மூக்கப் பொத்திட்டே சாப்பிடு, புள்ள," என்றேன். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டன்."